எல்லா அளவும் பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து: ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் புது பிஸ்டன் செய்த நிகழ்வு ஆய்வு

எஞ்சின் பழையது. வரிசையாக நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 86 மி.மீ. சிலிண்டர் சுவர்கள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. 86.5 மி.மீ. வரை ரீபோர் செய்தால்தான், அதாவது கடைந்து அகலப்படுத்தினால்தான், வட்டம் திரும்பும் என்ற நிலை. ஆனால் அந்த ஓவர்சைஸில் பிஸ்டன் தயாரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. காரின் உரிமையாளர் கேட்டவை இரண்டு. நிமிடத்துக்கு 6,500 சுற்றோடு நின்ற எஞ்சின் 8,000 சுற்றுவரை நம்பிக்கையோடு ஓட வேண்டும். கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 11.5 ஆக வேண்டும். டர்போ கிடையாது. கார் பெரும்பாலும் பந்தயத் தடத்தில் ஓடப்போகிறது.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் தயாராகவே கிடைத்தன. பிஸ்டனை மட்டும் ஃபோர்ஜிங் கட்டியிலிருந்து நாங்களே கடைந்தெடுத்தோம். இந்த ஆய்வு அதைப் பற்றியது. பிஸ்டனின் வரைபடத்தில் எழுதப்படும் எந்த எண்ணும் பிஸ்டனுக்குச் சொந்தமானதல்ல. உயரத்தைத் தருவது சிலிண்டர்கள் உள்ள பிளாக்கும், ராட்டால் சுழலும் கிராங்கும். தலையின் வடிவத்தைத் தருவது சிலிண்டரை மேலே மூடும் ஹெட். தலையில் வால்வுகளுக்கு இடம்விடும் பள்ளங்களைத் தருவது கேம். விட்டத்தைத் தருவது ஹோனிங் (இறுதித் தேய்ப்பு) முடிந்த சிலிண்டர். அதனால் உலோகம் வெட்டிய நேரத்தைவிட அக்கம்பக்கத்தை அளந்த நேரமே அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பிளாக்

பிளாக்கின் மேல்தளம் சரிவாக இருந்ததால் 0.15 மி.மீ. சீவினோம். கிராங்க் சுழலும் மெயின் பேரிங் துளையில் ஒரு துல்லியமான மாண்ட்ரலை (உருளைத் தண்டை) படுக்கவைத்து, அதன் உச்சியிலிருந்து மேல்தளம்வரை நான்கு மூலைகளிலும் அளந்து, மாண்ட்ரலின் பாதி விட்டத்தைக் கூட்டினால் கிராங்க் மையத்திலிருந்து தளம்வரையுள்ள உண்மையான உயரம் கிடைக்கும். சீவுவதற்கு முன் 211.00, சீவியபின் 210.85 மி.மீ. இந்த ஒரு எண்ணைக் கையேட்டிலிருந்து எடுப்பவர்கள் உண்டு. பழைய பிளாக் இதற்கு முன் எத்தனை முறை சீவப்பட்டது என்பது கையேட்டுக்குத் தெரியாது.

ஹெட்டிலும் 0.30 மி.மீ. எடுக்க வேண்டியிருந்தது. பிளாக்கில் 0.15, ஹெட்டில் 0.30, ஆக மொத்தம் 0.45. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒத்திகை அசெம்பிளியில் மறுபடி வரும்.

ஹோனிங்கின்போது ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான டார்க் பிளேட்டைப் போட்டு, ஹெட் போல்ட்டுகளை அதே டார்க்கில் முறுக்கிவைத்துத்தான் சிலிண்டரைத் தேய்த்தோம். போல்ட் இழுப்பில் சிலிண்டரின் மேற்பகுதி வட்டம் குலைகிறது. இழுப்பில்லாமல் வட்டமாக்கிய சிலிண்டர், ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது. டார்க் பிளேட், எஞ்சின் ஓடும்போது இருக்கும் நிலையிலேயே சிலிண்டரை வட்டமாக்க உதவுகிறது. மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில் போர் கேஜ் வைத்துப் பார்த்து, 86.50 உறுதியான பிறகே பிஸ்டன் விட்டத்தைப் படத்தில் எழுதினோம்.

8,000 சுற்றில் ராடு சுமப்பது

பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில்தான் அதன் முடுக்கம் மிக அதிகம். கிராங்க் ஆரம் 43 மி.மீ., ராடு நீளம் 136 மி.மீ. 6,500 சுற்றில் அந்த முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 2,670 மடங்கு. 8,000 சுற்றில் 4,050 மடங்கு. சுற்று ஏறியது 23 சதவீதம். முடுக்கம் ஏறியதோ 51 சதவீதம், ஏனென்றால் அது சுற்றின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

பழைய பிஸ்டன், பின் (பிஸ்டனை ராட்டோடு கோக்கும் உருளை), ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைக்கும் வளையங்கள்) எல்லாம் சேர்த்து 472 கிராம். ராட்டின் மேல்முனைப் பங்கு 168 கிராம். மொத்தம் 640 கிராம் மேலும் கீழும் ஓடுகிறது. 6,500 சுற்றில் அது ராட்டை இழுக்கும் விசை 1.7 டன். அதே எடையை 8,000 சுற்றில் ஓட்டினால் 2.6 டன். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் இந்த இழுப்பு முழுசாக விழுகிறது. அந்த நேரத்தில் மேலிருந்து தள்ளிப்பிடிக்க வாயு அழுத்தம் இல்லை. உயர் சுற்றில் ராடு போல்ட்டுகள் அறுந்துபோகும் எஞ்சின்களில் பெரும்பாலும் இந்தக் கணம்தான் காரணம்.

புது வடிவமைப்பில் பிஸ்டன், பின், ரிங் மூன்றும் சேர்ந்து 408 கிராமுக்கு வந்தது. மொத்தம் 576. 8,000 சுற்றில் இழுப்பு 2.3 டன். எடையில் பத்து சதவீதம் மிச்சப்படுத்தியும், பழைய 1.7 டன்னுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. லேசான பிஸ்டன் போட்டுவிட்டால் பழைய ராட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். ராடும் போல்ட்டும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. ஃபோர்ஜ் செய்த புது ராடுகளையும் அவற்றுக்கேற்ற போல்ட்டுகளையும் வாங்கினோம். போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முறுக்காமல், எவ்வளவு நீள்கிறது என்று ஸ்ட்ரெச் கேஜில் பார்த்து முறுக்கினோம். இழுவிசையை நேரடியாகச் சொல்வது அந்த நீட்சிதான்.

138 மி.மீ. ராடும் கிடைத்தது. நீள ராடு நல்லது என்ற பேச்சு எஞ்சின் கட்டுபவர்களிடையே பலமாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். உச்சி முடுக்கம் குறைவது ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு மட்டுமே. அதற்கு ஈடாக, பிஸ்டனில் பின்னுக்கும் தலைக்கும் இடையிலுள்ள உயரத்தில் இரண்டு மி.மீ. இழக்க வேண்டும். அந்த இடத்தில்தான் மூன்று ரிங்குகளும் உட்கார வேண்டும். 136-லேயே நின்றோம்.

கம்ப்ரஷன் ஹைட் அதோடு தீர்மானமாகிவிட்டது. 210.85-இல் 136-ஐயும் 43-ஐயும் கழித்தால் 31.85 மி.மீ. பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலையின் தட்டையான விளிம்புவரை இந்த உயரம் இருந்தால், டி.டி.சி.யில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையில்) விளிம்பு பிளாக் தளத்தோடு ஒரே மட்டத்தில் நிற்கும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும், அழுந்தியபின் 1.0 மி.மீ. தடிமனுள்ள கேஸ்கெட்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலான ஸ்க்விஷ் இடைவெளி. ஸ்டீல் ராடு போட்ட இந்த அளவு எஞ்சினுக்கு அதைவிட அதிகம் நெருக்க நான் சம்மதிக்க மாட்டேன். உயர் சுற்றில் ராடு நீள்கிறது, பிஸ்டன் ஆடுகிறது. அதைவிட அகலமாக விட்டாலோ விளிம்பில் கலவை கலக்கமில்லாமல் தேங்கி, நாக்கிங்குக்கு (கலவை தானாக வெடித்துத் தட்டுவதற்கு) இடம் கொடுக்கும்.

எந்த அலுமினியம்

கார் உலகில் அலுமினிய பிஸ்டனுக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. 1913-இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி (பென்ட்லி கார் நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கியவர்) பிரான்ஸில் ஒரு கார் தொழிற்சாலையில் அலுமினியத்தில் செய்த ஒரு பேப்பர்வெயிட்டைப் பார்த்துவிட்டு, 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு தாமிரமும் கலந்த உலோகத்தில் பிஸ்டன் செய்யச் சொன்னார். எங்கள் தேர்வு எண்ணால் அழைக்கப்படும் இரண்டு அலுமினியக் கலப்புலோகங்களுக்கு இடையில்: 4032, 2618. 4032-இல் சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம். சூட்டில் விரிவு குறைவு, ரிங் பள்ளம் சீக்கிரம் தேயாது, குளிரில் சத்தம் போடாது. 2618-இல் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. தாமிரம், மக்னீசியம், இரும்பு, நிக்கல் சேர்ந்தது. கான்கார்ட் விமானத்தின் உடலும் இந்தக் குடும்ப உலோகத்தில்தான் செய்யப்பட்டது. நீண்ட நேரம் சூட்டிலிருந்தாலும் வலு இழக்காத குணம்தான் அதற்குக் காரணம்.

தினமும் வேலைக்குப் போய்வரும் காராக இருந்தால் யோசிக்காமல் 4032 சொல்லியிருப்பேன். தடத்தில் ஓடும் 11.5 கம்ப்ரஷன் எஞ்சினில் ஒரு நாள் மோசமான பெட்ரோலோ அதிகச் சூடோ நாக்கிங்கைக் கொண்டுவரும். அப்போது 4032 விரிசல் விடும். 2618 நெளிந்து தாங்கும். 2618 எடுத்தோம். அதற்கான விலை, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட வேண்டிய கூடுதல் இடைவெளி. 120 டிகிரி சூடேறினால் இந்த விட்டத்தில் 2618, 4032-ஐவிட 0.03 மி.மீ. அதிகம் விரியும். 4032-க்கு 0.05 போதும் என்ற இடத்தில் 0.08 விட்டோம். சூடேறும்வரை பிஸ்டன் கொஞ்சம் தட்டும். உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட்டோம்.

தலையின் கன அளவு

ரீபோருக்குப் பிறகு ஒரு சிலிண்டரின் ஸ்வெப்ட் கனஅளவு (பிஸ்டன் ஏறியிறங்கும் இடம்) 505.4 சி.சி. விகிதம் 11.5 வேண்டுமானால் டி.டி.சி.யில் மிஞ்ச வேண்டியது 48.1 சி.சி. சீவிய ஹெட்டின் அறையைக் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தட்டால் மூடி, பியூரெட்டால் நிறமேற்றிய ஸ்பிரிட்டை நிரப்பி அளந்தோம்: 46.2 சி.சி. கேஸ்கெட் துளை 87.5 மி.மீ., தடிமன் 1.0, அது 6.0 சி.சி. மேல் ரிங்குக்கு மேலே, பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய வளைய இடுக்கில் அரை சி.சி. மூன்றும் சேர்ந்து 52.7. ஆக, பிஸ்டன் தலை மேலெழும்பி 4.6 சி.சி.யை அடைக்க வேண்டும். வால்வுக்கான பள்ளங்கள் 5.4 சி.சி. தின்னும் என்பதால் மேடு 10.0 சி.சி. வேண்டும்.

இடுக்கின் அரை சி.சி.யை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் பழக்கம் பரவலாக உள்ளது. விட்டிருந்தால் விகிதம் 11.4 என்று வந்திருக்கும். சின்ன வித்தியாசம்தான். என்றாலும் படத்தில் எழுதியதும் எஞ்சினில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வால்வுப் பள்ளத்துக்குப் பெரும்பாலோர் வைத்திருக்கும் வரம்புகளையே நாங்களும் வைத்தோம்: இன்டேக் வால்வுக்குக் குறைந்தது 2.0 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ., பக்கவாட்டில் 1.3 மி.மீ. எக்ஸாஸ்டுக்கு அதிகம் கொடுப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. மூடிக்கொண்டு போகும் எக்ஸாஸ்ட் வால்வைப் பிஸ்டன் பின்னாலிருந்து துரத்துகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்து வால்வு பின்தங்கினால் பிஸ்டன் அதைப் பிடித்துவிடும். இன்டேக்கில் வால்வுதான் பிஸ்டனைத் துரத்துகிறது. இரண்டிலும் மிக நெருங்கும் இடம் டி.டி.சி. அல்ல; ஏறத்தாழ பத்து டிகிரி முன்னும் பின்னும். கேம் லிஃப்ட்டை அந்தக் கோணங்களில் அளந்து, எக்ஸாஸ்டில் 2.6-ம் இன்டேக்கில் 2.3-ம் மிஞ்சும்படி பள்ள ஆழத்தைப் படத்தில் வைத்தோம். பள்ளத்துக்கு அடியில் உலோகம் 5 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது இன்னொரு வரம்பு.

ரிங்குகள்

மேல் ரிங் 1.0 மி.மீ., இரண்டாவது 1.2, ஆயில் ரிங் 2.8. பழைய மேல் ரிங் 1.5. மெலிதாக்கியது உராய்வுக்காக மட்டுமல்ல. கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் வேகம் குறையும்போது ரிங் தன் நிறையால் மேலேயே போகப் பார்க்கும். அதைப் பள்ளத்தின் அடியில் அழுத்திவைப்பது வாயு அழுத்தம். நாலாயிரம் மடங்கு முடுக்கத்தில் கனத்த ரிங் எழும்பி, அடியிலுள்ள அடைப்பை விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு நிறையைக் குறைத்தால் அந்த எல்லை தள்ளிப்போகிறது. ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளி மேல் ரிங்குக்கு 0.39, இரண்டாவதற்கு 0.43. இரண்டாவதில் கூடுதலாக விட்டது, நடுவில் வாயு தேங்கி மேல் ரிங்கைத் தூக்கிவிடாமலிருக்க.

கடைசல்: எங்கே பிடிப்பது, எங்கிருந்து அளப்பது

பிஸ்டன் ஃபோர்ஜிங்கில் வட்டமான வெளிப்புறத்தை லேத்தின் சக்கில் கவ்வினால், ரிங்குகளுக்குக் கீழேயுள்ள மெல்லிய சுவரான ஸ்கிர்ட் உள்ளே அமுங்கும். கடைந்து முடித்துச் சக்கைத் தளர்த்தியதும் அது விரிந்து, கடைந்த வட்டம் போய்விடும். இதற்குப் பிஸ்டன் தொழிற்சாலைகள் எப்போதோ கண்டுபிடித்த வழிதான் இன்றும் சிறந்தது. முதல் வேலையாகப் பிஸ்டனின் திறந்த அடிவாயில் ஒரு துல்லியமான உள்வட்டத்தையும் தட்டையான முகத்தையும் வெட்ட வேண்டும். அதே அளவில் புடைத்த வட்டமுள்ள ஒரு ஸ்பிகாட் ஃபிக்ஸரில் பிஸ்டனைக் கவிழ்த்து உட்காரவைத்து, பின் துளை வழியே ஒரு கம்பியைச் செருகி, டிராபாரால் (இழுக்கும் தண்டால்) கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் எந்த அழுத்தமும் இல்லை. ஸ்கிர்ட்டும் ரிங் பகுதியும் விடுதலையாக நிற்கின்றன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஜாப் (கடைசலில் இருக்கும் பிஸ்டன்) உட்காருவது அடிமுகத்தில். எஞ்சினில் வேலை செய்வதோ பின் மையத்திலிருந்து. அடிமுகத்துக்கும் பின்னுக்கும் இடையில் ஒரு பிழை, அடிமுகத்துக்கும் தலைக்கும் இடையில் ஒரு பிழை. ஒவ்வொன்றும் படத்தின் வரம்புக்குள் இருந்தாலும் இரண்டும் கூடி 31.85-ஐ வரம்புக்கு வெளியே தள்ளலாம். எஞ்சினில் அடிமுகம் எதையும் தொடுவதில்லை. அதன் அளவு யாருக்கும் வேண்டாம். அதனால் படத்தில் எல்லா உயரங்களையும் பின் மையத்திலிருந்தே குறித்தோம்: தலை, பள்ளங்கள், ஒவ்வொரு ரிங் பள்ளத்தின் அடிமுகம், ஸ்கிர்ட்டின் அளவிடும் புள்ளி. வேலை வரிசையும் அதற்கேற்ப மாறியது. பின் துளையை முதலில் போரிங் செய்து முடித்தோம். பிறகு ஒவ்வொரு பிஸ்டனிலும் மெஷினின் புரோப் பின் துளையைத் தொட்டுப் பார்த்து, மையத்தைக் கண்டுபிடித்து, அதையே பூஜ்யமாக வைத்துத் தலையை மில்லிங் செய்தது. அடிமுகம் இருக்கை மட்டுமே. நான்கு பிஸ்டன்களின் உயரமும் 0.02 மி.மீ.க்குள் நின்றது.

பின் துளையின் இரண்டு காதுகளையும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே போரிங் பாரால், ஜாப்பைத் திருப்பாமல் எடுத்தோம். திருப்பினால் இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. இறுதி அளவை ஹோனிங்கில் கொண்டுவந்தோம், 21 மி.மீ. பின்னுக்கு இடைவெளி 0.015. பின் நழுவாமல் பிடிக்கும் சர்கிளிப்பின் வாய் மேலோ கீழோ பார்த்து உட்கார வேண்டும், பக்கவாட்டில் பார்க்கக்கூடாது என்பதால், அதைக் கழற்ற வைக்கும் சிறு வெட்டையும் அதற்கேற்ற இடத்தில் வைத்தோம்.

இந்த அளவுகளில் அறையின் சூடு ஒரு பெரிய விஷயம். 86 மி.மீ. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரான் வளரும். மெஷினிலிருந்து எடுத்த ஜாப் பத்து டிகிரி சூடாக இருந்தால் 0.019 மி.மீ. பெரிதாகக் காட்டும். நாங்கள் விட்ட சிலிண்டர் இடைவெளியில் அது கால் பங்கு. மைக்ரோமீட்டர், ஜாப், செட்டிங் ராடு மூன்றும் ஒரே மேஜையில் இரவு முழுக்கக் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்தபின்தான் எந்த எண்ணையும் தாளில் எழுத அனுமதித்தோம்.

ஸ்கிர்ட்: வட்டமில்லாத வட்டம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிஸ்டன் வட்டமல்ல. பின் செல்லும் திசையில் உலோகம் கனமாக இருப்பதால் சூட்டில் அந்தத் திசையில் அதிகம் விரியும். பின் காதுகள் மேலிருந்து அழுத்தப்படும்போதும் ஸ்கிர்ட் அந்தத் திசையில் அகலும். அதனால் குளிரில் பின் திசையில் சிறுத்தும், அதற்குச் செங்குத்தாக, சுவரில் உராயும் திசையில் பெருத்தும் செய்ய வேண்டும். உயரவாக்கிலும் நேராக இல்லை. பீப்பாய்போல் நடுவில் லேசாகப் புடைத்து, சூடு அதிகமுள்ள மேற்புறம் கூடுதலாக ஒடுங்கும். எங்கள் அளவு: ஸ்கிர்ட் அடியிலிருந்து 12 மி.மீ. மேலே, உராயும் திசையில் 86.42. அதே உயரத்தில் பின் திசையில் 86.17. ஸ்கிர்ட்டின் மேல்விளிம்பில் 0.10 குறைவு, அடிவிளிம்பில் 0.02 குறைவு. ரிங்குக்கு மேலுள்ள பகுதி 85.9.

பிஸ்டன் தொழிற்சாலையில் இதற்கென்றே லேத் இருக்கிறது. ஜாப் ஒரு சுற்று சுற்றும்போது கட்டிங் டூல் இருமுறை உள்ளே போய் வெளியே வரும். 1,500 சுற்றில் அது வினாடிக்கு 50 முறை. சாதாரண சி.என்.சி. லேத்தின் கனத்த ஸ்லைடால் அந்த வேகத்தில் மைக்ரான் கணக்கில் ஆட முடியாது. சுற்றைக் குறைத்து 60-க்குக் கொண்டுவந்தால் ஸ்லைடு ஈடுகொடுக்கும். ஆனால் அப்போது வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 16 மீட்டராக விழுந்து, அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும்.

நாங்கள் நான்கு அச்சு மில்லிங் மெஷினுக்குப் போனோம். ஜாப் ரோட்டரி மேஜையில் மெதுவாகச் சுற்றும். வெட்டும் வேகத்தைத் தருவது கட்டரின் சொந்தச் சுழற்சி. இரண்டு வேகங்களையும் பிரித்துவிட்டால் சிக்கலே இல்லை. 1 மி.மீ. ஆரமுள்ள பந்து முனை கட்டர், சுற்றுக்கு 0.25 மி.மீ. நகரும் சுருள் பாதை. இந்த இரண்டு எண்களும் சேர்ந்து பரப்பில் 8 மைக்ரான் உயரமுள்ள நுண்வரிகளை விடுகின்றன. இந்த வரிகள் வேண்டியவை. எண்ணெய் தங்குவது அவற்றில்தான். ஓட்டத் தொடக்கத்தில் வரியின் உச்சிகள் மட்டும் மழுங்கி, ஸ்கிர்ட் தன் சிலிண்டருக்கேற்பப் படிந்துகொள்ளும். கண்ணாடிபோல் மின்னும் ஸ்கிர்ட் அழகாக இருக்கும், எண்ணெயைத்தான் பிடித்துவைக்காது.

பந்து முனையின் நுனியில் வேகம் பூஜ்யம் என்பதால், கட்டரை ஜாப்பின் உச்சியில் வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி, 30 டிகிரி சரிவில் தொடும்படி வைத்தோம். அங்கே பந்தின் பாதி ஆரம் வெட்டுகிறது. 40 மி.மீ. ஸ்கிர்ட்டுக்குக் கட்டர் பயணம் செய்யும் பாதை 43 மீட்டர். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பிஸ்டனுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தொழிற்சாலைக்கு இது கட்டுப்படியாகாது. நான்கு பிஸ்டனுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2020-இல் போர்ஷே, மாலே, ட்ரம்ப்ஃப் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 911 ஜி.டி.2 ஆர்.எஸ். எஞ்சினுக்கு உலோகத் தூளிலிருந்து அச்சிட்ட பிஸ்டன்களை வெளியிட்டன. ஃபோர்ஜிங்கைவிடப் பத்து சதவீதம் லேசு, தலைக்குள்ளேயே குளிர்விக்கும் வாய்க்கால். கத்தி போக முடியாத இடத்தில் வாய்க்கால் அமைப்பது கடைசலால் முடியாத காரியம். அங்கேயும் அச்சிட்டதை அப்படியே எஞ்சினில் போடவில்லை. இறுதி அளவுகள் கடைசலில்தான் வருகின்றன.

தலையின் கூர்முனைகள் எல்லாவற்றையும் உருட்டினோம். வால்வுப் பள்ளத்தின் கூரான விளிம்பு சூடேறிச் சிவந்தால் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிசிறு எடுப்பதோடு நிற்காமல் அரை மி.மீ. ஆரம் கொடுத்தோம். எடை சமன்செய்ய, பின் காதுகளின் உட்புறத்தில் வழித்து நான்கையும் ஒரு கிராமுக்குள் கொண்டுவந்தோம். வரிசை நான்கு சிலிண்டர் என்பதால் பிஸ்டன் எடை மாறினாலும் கிராங்கைத் திரும்ப பேலன்ஸ் செய்யத் தேவையில்லை. நான்கும் சமமாக இருந்தால் போதும்.

ஒத்திகை அசெம்பிளி

மற்ற மூன்றின் பள்ளங்களை வெட்டுவதற்கு முன், ஒரே ஒரு பிஸ்டனை முழுசாக முடித்து முதல் சிலிண்டரில் ஏற்றினோம். வேலைத் திட்டத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது. முதலில் கன அளவு. பிஸ்டனைத் தளத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்கி, விளிம்பைக் கிரீஸால் அடைத்து, மேலே தட்டை மூடி ஸ்பிரிட் நிரப்பினோம். வெறும் உருளையாக இருந்தால் 58.8 சி.சி. பிடிக்க வேண்டும், பிடித்தது 54.2. பள்ளங்கள் போக மேடு 4.6 சி.சி. கணக்கோடு ஒத்துப்போனது.

பிறகு வால்வு இடைவெளி. ஸ்பிரிங்குகளுக்குப் பதில் மெல்லிய செக்கிங் ஸ்பிரிங் போட்டு, டயல் கேஜ் வைத்து, கிராங்கை டிகிரி டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் வால்வைக் கையால் அழுத்திப் பிஸ்டனைத் தொடும்வரை எவ்வளவு போகிறது என்று அளந்தோம். எக்ஸாஸ்டில் 2.6 எதிர்பார்த்த இடத்தில் 2.4. இன்டேக்கில் 2.3 எதிர்பார்த்த இடத்தில் 2.5.

எக்ஸாஸ்ட் 2.5 வரம்புக்குக் கீழே போய்விட்டதால், பள்ளத்தை இன்னும் 0.2 ஆழமாக்கலாம் என்று பட்டறையிலேயே ஒரு யோசனை எழுந்தது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பிஸ்டன் உயரம் தவறாக இருந்தால் இரண்டுமே ஒரே பக்கம் நகர்ந்திருக்கும். இங்கே ஒன்று குறைந்த அளவுக்கே மற்றது கூடியிருக்கிறது. இரண்டு கேம்களும் தாமதமாகியிருந்தால் மட்டுமே அப்படி நடக்கும்: எக்ஸாஸ்ட் தாமதமாக மூடி ஏறிவரும் பிஸ்டனுக்கு அருகில் நிற்கிறது, இன்டேக் தாமதமாகத் திறந்து இறங்கும் பிஸ்டனைவிட்டுத் தள்ளி நிற்கிறது.

தாமதம் எங்கிருந்து வந்தது? அந்த 0.45 மி.மீ.யிலிருந்து. பிளாக்கையும் ஹெட்டையும் சீவியதால் கேம், கிராங்குக்கு அருகே இறங்கிவிட்டது. டைமிங் பெல்ட்டின் இறுகிய பக்கம் அதே நீளம். அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்ளக் கேம் பின்னோக்கித் திரும்புகிறது. கேம் பல்சக்கரத்தின் ஆரம் 55 மி.மீ.; 0.45-க்குக் கேமில் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு, கிராங்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி. அந்த இடத்தில் வால்வு ஒரு டிகிரிக்கு 0.2 மி.மீ. நகர்கிறது. கணக்கு அப்படியே உட்காருகிறது.

பள்ளத்தைத் தொடவில்லை. திருத்தக்கூடிய கேம் பல்சக்கரங்களைப் போட்டு, இரண்டு கேம்களையும் உரிய நிலைக்குத் திருப்பினோம். எக்ஸாஸ்ட் 2.6, இன்டேக் 2.3. மற்ற மூன்று பிஸ்டன்களும் முதல் படத்தின்படியே வெட்டப்பட்டன. பள்ளத்தை ஆழமாக்கியிருந்தால் தலை மெலிந்திருக்கும், கம்ப்ரஷன் இறங்கியிருக்கும், கேம் தாமதம் அப்படியே இருந்து எஞ்சினின் குணத்தையும் கெடுத்திருக்கும்.

பிரித்துப் பார்த்தது

ஓட்டத் தொடக்கமும் டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் மெஷினில்) முழுச்சுமை ஓட்டமும் முடிந்தபின் எஞ்சினைப் பிரித்தோம். ஓடிய பிஸ்டன், எங்கே சுமை விழுந்தது என்பதைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கும். ஸ்க்விஷ் விளிம்பு கரி படியாமல் சுத்தமாக இருந்தது. ஹெட்டில் மோதிய தடம் எதுவும் இல்லை. வால்வுப் பள்ளங்களில் வால்வு தொட்ட அடையாளம் இல்லை. ரிங் வாய் இடைவெளி போட்டபோது இருந்ததுதான். ஸ்கிர்ட்டில் நுண்வரிகளின் உச்சிகள் நடுப்பட்டையில் மட்டும் மழுங்கி, ஓரங்களில் அப்படியே நின்றன. ஓவல் அளவு சரி என்பதற்கு அதுவே போதும்.

மூன்றாவது பிஸ்டனில் மட்டும் அந்தப் பட்டை லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் அழுந்திய தடம். பின் துளை ஸ்கிர்ட்டுக்குச் செங்குத்தாக உள்ளதா என்று பார்த்தோம், சரியாக இருந்தது. ராட்டை எடுத்து மாண்ட்ரல்களில் வைத்துப் பார்த்தபோது 100 மி.மீ. நீளத்துக்கு 0.03 வளைவு தெரிந்தது. ராட்டை மாற்றினோம், அதே பிஸ்டன் திரும்ப எஞ்சினுக்குள் போனது. ராடுகளை வாங்கியதும் மேல்முனை, கீழ்முனைத் துளைகளின் இணைத்தன்மையைப் பார்ப்பது இப்போது எங்கள் வேலைத்தாளில் பிஸ்டன் கடைசலுக்கு முந்தைய வரியாக இருக்கிறது.

ஃபோர்ஜிங் கட்டிகளில் ஒரு செட் மிச்சமிருக்கிறது. சிலிண்டர் அடுத்த முறை 87.0-க்கு ரீபோர் ஆகும்போது படத்தில் 31.85 மாறாது, பள்ள ஆழம் மாறாது, பின் மையத்திலிருந்து எழுதிய எந்த உயரமும் மாறாது. ஸ்கிர்ட், ரிங் பகுதி விட்டங்களும் ரிங் அளவுகளும் புதிதாகும். ஸ்வெப்ட் கனஅளவு 511.2 சி.சி. ஆவதால் பள்ளங்கள் போக மேடு 4.6-இலிருந்து 4.0 சி.சி.க்கு இறங்கும். அந்த எண்களைப் பழைய படத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.